பழைய கூறைச்சாறியும் மருதமுனைக் கைத்தறியும்: மறுகா உடுக்க ஏலுமா?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
இரண்டு சாறி பற்றிக் கேக்க வேணும்.

ஒண்டு அம்மாவின் கூறை. காஞ்சிபுரப் பட்டு, கருஞ்சிவப்பு, அகலக் கரை, 40 வருசத்துக்கு மேல. றங்குப்பெட்டிக்குள்ள சொப்பிங் பையில சுத்தி, நப்தலீன் உருண்டையோட கிடந்தது. கரைச் சரிகை அங்கங்க கறுத்திருக்கு, தலைப்பு ஓரத்தில பச்சையும் படிஞ்சிருக்கு. மடிப்பு விழுந்த கோட்டில இரண்டு இடம் வெடிச்சிருக்கு, ஒண்டு விரல் நீளம். தை மாசக் கலியாணத்துக்கு இதை உடுக்கலாமா? சரிகையைப் பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்றாங்க, சரியா?

மற்றது மருதமுனைப் பருத்திக் கைத்தறி, கருநீலத்தில சிவப்புக் கரை, புதுசு. மொடமொடண்டு நிக்குது. சாயம் போகாம இருக்க உப்புத் தண்ணியில ஊற வைக்கிறதா?

ஊசிநூல் (கல்லடி):
முதல்ல பற்பசையைத் தூர வைங்க. புளி, தேசிக்காய், சாம்பல் எதுவும் வேணாம். நல்ல சரிகை எண்டா நடுவில பட்டுநூல், அதைச் சுத்தித் தட்டையாக்கின வெள்ளிக் கம்பி, அதுக்கு மேல பொன் முலாம். அந்த முலாம் மிச்சம் மெல்லிசு. தேய்ச்சா அழுக்குக்கு முதல் போறது பொன்தான். இப்ப கறுப்பாத் தெரியிறது முலாம் தேஞ்ச இடத்தில வெள்ளி கறுத்தது. மிருதுவான காய்ந்த பிரஷால தூசியைத் தட்டிட்டு அப்படியே விடுங்க. உடுத்து நிக்கேக்க அந்தக் கறுப்பு ஒருவருக்கும் தெரியாது, நிழல் மாதிரித்தான் இருக்கும்.

பச்சை வேற கதை. பச்சை எண்டா செம்பு. சரிகை எந்த வகை எண்டு பார்த்துக்கொள்ளுங்க. உள் முனையில, இடுப்புக்குள்ள செருகிற பக்கம், ஒரு சரிகை இழையை ஒரு சென்ரிமீற்றர் மட்டும் பிரிச்சு, நகத்தால கம்பியை உரிங்க. உள்ளுக்குச் சிவப்புப் பட்டுநூலும், உரிஞ்ச கம்பி வெள்ளையாவும் இருந்தா நல்ல சரிகை. கம்பி சிவந்து, உள்நூல் வெள்ளையோ மஞ்சளோ எண்டா செம்புச் சரிகை. நெருப்பில காட்டினதும் சுருண்டு உருண்டையாகிப் போனா அது பிளாஸ்ரிக். மூண்டுக்கும் பராமரிப்பு ஒண்டில்ல.

இனி உடுக்கலாமா எண்டது. வெடிப்பு மடிப்புக் கோட்டில மட்டும் எண்டா அது மடிச்ச பிழை, துணியில பிழை இல்ல. வருசக்கணக்கா ஒரே கோட்டில மடிஞ்சு கிடந்தா இழை அந்த இடத்தில முறிஞ்சிரும், சரிகைக் கரையின் பாரமும் சேர்ந்து இழுக்கும். மடிப்பில்லாத ஓரிடத்தை இரண்டு கைப் பெருவிரலாலயும் பிடிச்சு மெல்ல இழுத்துப் பாருங்க. தாங்கினா உடுக்கலாம். சர் எண்டு கிழிஞ்சாலோ, தூள் மாதிரி உதிர்ந்தாலோ பட்டு செத்துப் போச்சு. தைச்சும் பிரயோசனமில்ல.

இன்னொரு இடம் பார்க்க வேணும், கரையும் உடலும் சேர்ற கோடு. காஞ்சிபுரத்தில கரையைத் தனி நாடாவில (குறுக்கு நூலைக் கொண்டு ஓடுற தறிக் கட்டை) நெய்து உடலோட கோத்திருப்பாங்க. பழசில அந்தக் கோர்வை விடத் தொடங்கினா முழு நீளத்துக்கும் ஓடும். வெளிச்சத்துக்கு நேரே பிடிச்சா ஊசிக் கண் மாதிரி ஓட்டைகள் தெரியும்.

வெடிப்புக்கு: அதே நிறத்தில மெல்லிய பட்டு ஷிபோனோ நல்ல மெல்லிசு நெற் துணியோ, வெடிப்பை விட நாலு பக்கமும் இரண்டு அங்குலம் பெருசா வெட்டி, பின்பக்கம் வைங்க. 11 ஆம் அல்லது 12 ஆம் இலக்க ஊசி, ஒற்றை இழை நூல். தையல் வெடிச்ச விளிம்பில விழக்கூடாது, நல்ல துணியில விழ வேணும். ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில ஓட்டுத் தையல், நூலை இறுக்காம. அயன் பண்ணி ஒட்டுற ஒட்டுத்துணி மட்டும் வேணாம். அது விறைச்சு நிக்கும், ஒட்டு முடியிற ஓரத்தில அடுத்த வெடிப்பு வரும்.

வீட்டில தண்ணியில போடாதீங்க. சரிகைக்குள்ள இருக்கிற சிவப்பு நூலும் சாயம் விடலாம். ட்ரை கிளீனிங் குடுக்கிறதெண்டா நெற் தைச்ச பிறகு குடுங்க, வெடிப்பைக் காட்டிக் குடுங்க.

மருதமுனைத்தறி:
தங்கச்சி, பருத்திச் சாறிக்கு நான் சொல்றன்.

மொடமொடப்புக்குக் காரணம் பாவுக்கு, அதாவது தறியில நீளத்துக்கு ஓடுற இழைக்கு, போட்ட கஞ்சி. நெய்யேக்க பாவு இழை அறாம இருக்கப் போடுறது. அது கழண்டாத்தான் துணி விழும். புதுசில மரப்பலகை மாதிரி நிக்கிற கைத்தறி, பத்துத் துவையலுக்குப் பிறகு உடம்போட ஒட்டி விழுறது இதாலதான். பழைய சாறியை ஒருத்தரும் விடமாட்டாங்க, அதுக்கு இது ஒண்டு காரணம்.

முதல் துவையல்: சவர்க்காரம் இல்லாம, பச்சைத் தண்ணியில அரை மணித்தியாலம். தண்ணியை ஊத்திட்டு மறுகா ஒருக்கா. தனி வாளியில. முறுக்கிப் பிழியாம, அமத்தி விட்டு நிழல்ல போடுங்க. கொஞ்சம் சுருங்கும், ஆறு யார்ச் சாறியில ஒரு சாண் வரைக்கும் போகலாம். அதால ஃபோல் (அடிக்கரைக்கு உள்பக்கம் தைக்கிற துணிப்பட்டி) தைக்கிறதை முதல் துவையலுக்குப் பிறகு வைங்க. முதல்லயே தைச்சா, சாறி சுருங்கும், ஃபோல் சுருங்காது, அடிக்கரை அலை அலையா நிக்கும். இந்தப் பிழையைத்தான் கனபேர் செய்றது.

உப்பு: சாயம் போடேக்க உப்புப் போடுறது உண்மை, சாயத்தை நூலுக்குள்ள ஏத்த. நெய்து முடிஞ்ச துணியில மேலதிகமா ஒட்டியிருக்கிற சாயத்தை உப்புப் பிடிச்சு வைக்காது. சாயம் விடுமா எண்டு பார்க்க, சிவப்புக் கரையில ஈரமான வெள்ளைத் துணியை வைச்சு மேலால அயன் பெட்டியை அமத்துங்க. வெள்ளையில நிறம் ஏறினா முதல் மூண்டு நாலு துவையல் தனியா.

வாவியோரக் கிணத்துத் தண்ணி உவரா இருந்தா கடைசி அலசலுக்கு உன்னிச்சைக் குளத்திலயிருந்து வாற குழாய்த் தண்ணி எடுங்க. உவர்த் தண்ணியில சவர்க்காரம் வடிவா நுரைக்காது, அலசினாலும் போகாது, துணி மங்கிப் போகும்.

கஞ்சி வேணுமெண்டா இரண்டு மேசைக்கரண்டி சவ்வரிசியை ஒரு லீற்றர் தண்ணியில கண்ணாடி மாதிரி வரும் வரை காய்ச்சி, வடிச்சு, நாலு லீற்றராக்கி அஞ்சு நிமிசம் முக்குங்க. அது உடுக்கிற நாளுக்கு மட்டும். கஞ்சியோட அலுமாரியில வைச்சா கரப்பொத்தானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் சாப்பாடு போட்ட மாதிரி.

பாலமுனையான்:
கைத்தறிதானா எண்டு கண்டுபிடிக்க கரையோரத்தில ஊசித் துளை இருக்கா எண்டு பாருங்க. இருந்தா கைத்தறி.

மருதமுனைத்தறி:
அதை மட்டும் நம்ப ஏலாது தம்பி. அகலம் சுருங்காம இழுத்துப் பிடிக்கிற முள், விசைத்தறியிலயும் இருக்கு. ஊடை இழை, அதாவது குறுக்க ஓடுற இழை, நெருக்கத்தைப் பாருங்க. கையால அடிச்சதில அங்கங்க ஒரு பட்டை நெருக்கமா, ஒரு பட்டை ஐதா வரும். அளவு மாறாம ஓடினா விசைத்தறி.

கருநீலச் சாறிக்கு இன்னொண்டு. இரண்டு கரையும் ஒரே அளவு, இரண்டு முகமும் ஒரே மாதிரி எண்டா, அடிக்கரை தேய்ஞ்ச பிறகு ஃபோலைக் கழட்டி மற்றக் கரையில தைச்சு மேலகீழா மாத்தி உடுக்கலாம். இன்னும் அவ்வளவு காலம் ஓடும். பின்பக்கம் நூல் தொங்கிற பூவேலைச் சாறிக்கு இது சரிவராது.

வாவிக்கரை:
அக்கா, நானா, நன்றி. இழை பிரிச்சுப் பார்த்தன். கரையில சிவப்பு நூல், வெள்ளைக் கம்பி. பச்சை படிஞ்சது சரிகையில்ல, தலைப்பில பிறகு கட்டின குஞ்சம். அதுக்குள்ள வெள்ளை நூல். பெருவிரல்ல இழுத்ததும் தாங்குது. கோர்வையும் ஓட்டை இல்ல. இனி எப்படி வைக்கிறது? நப்தலீன் மணமும் போகுதில்ல.

ஊசிநூல் (கல்லடி):
அப்ப நல்ல செய்தி. குஞ்சத்தை வெட்டி எறியுங்க, இழுத்துப் பிடுங்காம நூலை வெட்டி. செம்புப் பச்சை பட்டில இறங்கினா அந்த இடம் உக்கும்.

மணத்துக்கு வெயில் வேணாம். கதவு திறந்த அறையில மரக்கொடியில நாலு நாள். றங்குப்பெட்டியைத் தனியா வெயிலுக்கு வைங்க. நப்தலீனோட கற்பூரத்தையும் சேர்த்துப் போடுறவங்க இருக்காங்க. இரண்டும் ஒண்டோட ஒண்டு முட்டினா உருகி எண்ணெய்க் கறை வைக்கும். பழைய சாறித் துண்டில பச்சைப் பிள்ளையைச் சுத்திற வீடெண்டா நப்தலீன் பக்கமே போகாதீங்க. சில பிள்ளைகளுக்கு அதால இரத்தச் சிவப்பணு உடையும். காய்ந்த வேப்பிலையோ வசம்போ, தனிப் பொட்டலமா, துணியில முட்டாம.

சொப்பிங் பை வேணாம், ஈரத்தைப் பூட்டி வைக்கும். சாயமில்லாத, நல்லா அலசிக் காய்ந்த பழைய வெள்ளைப் பருத்தித் துணியில சுத்துங்க. மடிப்புக்குள்ள அதே துணியை உருளையாச் சுருட்டி வைச்சா கோடு கூர்மையா விழாது. கம்பி ஹேங்கரில தொங்க விட்டா சரிகைப் பாரம் பட்டுத் துணியை இழுக்கும். மூண்டு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பை மாத்துங்க. எங்கட பக்கம் அதுக்கு நல்ல காலம் கச்சான் (தென்மேல் காத்து) அடிக்கிற ஆனி, ஆடி, காத்து காய்ந்திருக்கும். ஆனா புழுதியும் வரும், யன்னலுக்கு நேரே போடாதீங்க. கார்த்திகை, மார்கழி மழைக்குள்ள பெட்டியைத் திறந்தா உள்ள போறது ஈரம்தான். அதுக்கு முதல் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்க. நிறம் மாறுற வகை எண்டா நிறம் மாறினதும் சூடாக்கித் திருப்பிப் போடலாம்.

கலியாணத்தன்று வாசனைத் தைலத்தைச் சாறி கட்ட முதலே அடிச்சுக் காய விடுங்க. தலைப்பில பின் குத்திறதெண்டா துருப்பிடிக்காத பின், சரிகையில குத்தாம உடலில குத்தி, உள்பக்கம் சின்னத் துணித் துண்டு ஒண்டு வைச்சு. மல்லிகைச் சரம் தோளில முட்டாம பின்னலோட நிக்கட்டும். வந்ததும் பின்னைக் கழட்டி, நிழல்ல நாலஞ்சு மணித்தியாலம் வியர்வை காய விட்டுட்டு மடிங்க. வெடிப்பு வந்த துண்டு கொசுவத்துக்குள்ள போற மாதிரி முதல் நாளே ஒருக்கா உடுத்துப் பாருங்க. தோளிலயோ இருக்கேக்க இழுபடுற பின்பக்கத்திலயோ வந்தா, உள் முனையில செருகிற அளவைக் கூட்டிக் குறைச்சா இடம் மாறும்.