பச்சை யானைகளும் எம் அத்தையின் குரலும்: ‘ஜர்னி பேக் டு ஓஸ்’ பார்த்தவர்கள் வாங்க

மஞ்சள்செங்கல்:

‘ஜர்னி பேக் டு ஓஸ்’ கார்ட்டூன் படம், டோரத்திங்கிற பொண்ணு ஓஸ்ங்கிற மாய நாட்டுக்குத் திரும்பிப் போற கதை. அது எல்லாருக்கும் தெரியும்கிறதால நேரா விஷயத்துக்கு வர்றேன். கேன்சஸ் பண்ணை வீடு. டோரத்தி திரும்பவும் ஓஸ் புராணம் பாடிக்கிட்டு இருக்கா, எம் அத்தை அலுத்துக்கிறாங்க. அந்தக் குரலைக் கேட்டதும் முதுகு சிலிர்க்குதா இல்லையா? மார்கரெட் ஹாமில்டன்! 1939-ல வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்துல பச்சை மூஞ்சியோட துடைப்பத்துல பறந்த அதே மேற்குத் திசைச் சூனியக்காரி. அந்தப் பச்சைச் சாயத்துல செம்பு கலந்திருந்துச்சு. புகைக்கு நடுவுல மறையுற காட்சியில தீப்பிடிச்சு முகமும் கையும் வெந்து, ஆறு வாரம் படுத்துட்டுத்தான் திரும்ப வந்தாங்க. அவங்களையே பாசமான அத்தை ஆக்கிட்டாங்க. பேசுறது அன்பாத்தான். ஆனா வார்த்தையை முடிக்கிற இடத்துல ஒரு வெடிப்பு இருக்கே, அதை எந்த இயக்குநரும் மாத்த முடியாது.

டோரத்திக்குக் குரல் லைசா மினெல்லி, 1939 படத்துல டோரத்தியா நடிச்ச ஜூடி கார்லண்டோட மகள். அதைத்தான் எல்லாரும் பேசுறாங்க. எனக்கு அத்தைதான் உறுத்துது. உங்களுக்கு எது?

எக்ஸ்ஷீட்:

யானைகள். சூனியக்காரி மோம்பியின் கொப்பரையிலிருந்து பச்சையாகக் கிளம்பி வரும் படை. பயமுறுத்த வேண்டிய இடத்தில் என் கண் கால்களை விட்டு நகரவில்லை.

செல் அனிமேஷனில், அதாவது கண்ணாடி போன்ற தாளில் ஒவ்வொரு படமாகக் கையால் வரையும் முறையில், கூட்டம் வரைவது செலவு பிடித்த வேலை. படம் 88 நிமிடம். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் 1,26,720 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் ஒரே ஒரு பாத்திரத்துக்கு 63,360 படம் வரும். ஆகவே யானைப் படை என்றால் யாரும் யானை யானையாக வரைய மாட்டார்கள். ஒரு யானைக்கு ஒரு நடைச் சுழற்சி, அவ்வளவுதான். கனமான நடைக்கு ஒரு முழுச் சுழற்சி 32 ஃபிரேம் என்று வையுங்கள், 16 படம் போதும். முதல் யானை 1-ஆம் படத்தில் தொடங்கும், இரண்டாவது 6-இல், மூன்றாவது 11-இல். இல்லாவிட்டால் எல்லாம் ஒன்றாகக் கால் தூக்கிப் போலீஸ் பரேடு போல ஆகிவிடும்.

கோளாறு வருவது தரையில். அந்த ஒரு சுழற்சியில் யானை 8 அங்குலம் கடக்கிறது என்றால், பின்னணியை ஃபிரேமுக்கு கால் அங்குலம் நகர்த்த வேண்டும். பின்னணி ஒவ்வொரு ஃபிரேமும் நகர்கிறது, யானைப் படமோ இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறைதான் மாறுகிறது. ஆகவே ஊன்றிய கால், ஒன்று விட்டு ஒரு ஃபிரேமில் தரையோடு ஒட்டாமல் கால் அங்குலம் பிசகும். மெதுவாக நடக்கும்போது அது வழுக்கல் போலத் தெரியும். பின்னணியையும் இரண்டிரண்டாக நகர்த்தினால் கால் ஒட்டிக்கொள்ளும், ஆனால் கோட்டைச் சுவர் வெட்டி வெட்டி ஓடும். சரியான வழி, நடையையும் ஃபிரேமுக்கு ஒரு படமாக வரைவது. அதற்கு இரட்டிப்புக் காசு. படத்தை எடுத்த ஃபில்மேஷன் கம்பெனியிடம் காசு இல்லாததால்தானே 1962-இல் தொடங்கிய படம் இங்கிலாந்தில் 1972-இலும் அமெரிக்காவில் 1974-இலும் வந்தது?

புத்தகப்புழு:

எக்ஸ்ஷீட் சார், காலைப் பார்த்தீர்கள், யானை எதற்கு என்று பார்க்கவில்லை. இந்தக் கதைக்கு மூலமான, எல். ஃபிராங்க் பாமின் 1904 ஓஸ் புத்தகத்தில் யானையே கிடையாது. ஓஸின் தலைநகரான மரகத நகரத்தைப் பிடிப்பது ஜின்ஜூர் தலைமையில் பின்னல் ஊசி ஏந்திய பெண்கள் படை. அவர்களைச் சிதறடிப்பவை எலிகள். படத்தில் பெண்கள் படை யானைப் படையாகிவிட்டது, எலிகள் மட்டும் அப்படியே தங்கிவிட்டன. நல்ல சூனியக்காரி கிளிண்டா கொடுக்கும் வெள்ளிப் பெட்டியைத் திறந்தால் வருவது அவைதான். பெண் எலிக்குப் பயப்படுவாள் என்ற பழைய கேலியை எடுத்துவிட்டு, யானை எலிக்குப் பயப்படும் என்ற இன்னொரு பழைய கேலியை வைத்திருக்கிறார்கள். கதைக்கு இதுவே மேல் என்பேன்.

எனக்கு உறுத்துவது வேறு. தகர மனிதனும் சிங்கமும் யானை என்ற சொல்லைக் கேட்டதும் பின்வாங்குகிறார்களே, அந்த இடம். முதல் படம் முழுக்க இதயமும் தைரியமும் தேடி நடந்தவர்கள். புத்தகத்தில் தகர மனிதன் இப்படி நழுவுவதில்லை, கோடரியோடு புறப்பட்டு வருகிறான். படத்தில் டோரத்தியோடு மிஞ்சுவது பூசணித் தலையனும் ராட்டினத்து மரக்குதிரையும்தான்.

எக்ஸ்ஷீட்:

அய்யா, யானை ஏன் என்று நான் கேட்கவே இல்லை. கால் வழுக்குகிறது என்றேன்.

டப்பிங்_மேசை:

மஞ்சள்செங்கல் அண்ணே, அந்த வெடிப்பு அத்தையின் குரலில் மட்டும் இல்லை, டோரத்தியின் வாயசைவிலும் இருக்கிறது. லைசாவின் பதிவு 1960-களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. 1946-இல் பிறந்தவர், அப்போது பதினாறை ஒட்டிய வயது. அம்மா ஜூடி 1938-இல் ஓஸ் படப்பிடிப்புக்குப் போனதும் அதே பதினாறில்தான். பதிவு முடிந்து வருடக்கணக்கில் பெட்டியில் கிடந்த குரலுக்கு உடம்பு வரைந்து முடித்தார்கள்.

இதில் என்ன சிக்கல்? ஒலிநாடாவைப் படிப்பவர் ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டி, எந்த ஒலி எந்த ஃபிரேமில் விழுகிறது என்று எக்ஸ்போஷர் ஷீட்டில் எழுதுவார். ப, ம வந்தால் உதடு மூடியே ஆக வேண்டும், குறைந்தது இரண்டு ஃபிரேம். வாய் அசைவை ஒலிக்கு ஓரிரு ஃபிரேம் முன்னால் வைக்க வேண்டும். சரிசமமாக வைத்தால் பார்ப்பவருக்கு வாய் பின்தங்கியது போலத் தோன்றும். பேச்சில் இதெல்லாம் சமாளித்துவிடலாம். பாட்டில்தான் மாட்டும், ஏனென்றால் நீட்டிப் பாடும் உயிரொலியில் வாய் ஒரே நிலையில் நின்றுவிடும். குரலோ அதிர்ந்துகொண்டே இருக்கும். லைசா ஒரு சுரத்தைப் பிடித்து உலுக்கும்போது திரையில் டோரத்தியின் வாய் ‘ஆ’ என்று உறைந்து நிற்பதைக் கவனியுங்கள். தாடையைச் சற்றே ஏற்றி இறக்கினால் போதும், மூன்று படம் கூடுதல். அந்த மூன்றுதான் இல்லை.

ரீல்பெட்டி:

எல்லாரும் பச்சை யானை பச்சை யானை என்கிறீர்கள். 16 எம்எம் பிரிண்டில் பாருங்கள், செம்மண் யானை! ஓஸ் வானம் ரோஜா நிறம். டோரத்தி முகம் பீட்ரூட். மரகத நகரம் என்று பெயர், மரகதம் மட்டும் இல்லை.

காரணம் எளிது. அந்தக் காலத்து ஈஸ்ட்மேன் வண்ணப் பிரிண்டில் மூன்று சாயம்: சயான், மஞ்சள், மெஜந்தா. இருட்டில் சும்மா கிடந்தாலே முதலில் வெளுப்பது சயான். பச்சை என்பது சயானும் மஞ்சளும் சேர்ந்தது. சயான் போனால் மிஞ்சுவது அழுக்கு மஞ்சள். மற்ற இடமெல்லாம் சிவப்பு ஏறிவிடும். 1939 படத்தின் டெக்னிகலர் பிரிண்ட் இப்படி ஆகாது, அதில் சாயத்தை அச்சுப் போல ஒற்றி எடுத்தார்கள். அம்மா படம் பளிச்சென்று இருக்க, மகள் படம் சிவந்து கிடப்பது அதனால்தான்.

பிரிண்ட் கையில் வைத்திருப்பவர்களுக்கு, கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் மோந்து பாருங்கள். வினிகர் வாடை வந்தால் அசிடேட் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். அந்த ரீலை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். ஏ-டி ஸ்ட்ரிப் என்று நீலக் காகிதத் துண்டு கிடைக்கும். டப்பாவுக்குள் வைத்து மூடி, அறை வெப்பத்தில் ஒரு நாள் விடுங்கள். நீலமாகவே இருந்தால் நல்லது. பச்சைக்குத் திரும்பினால் எச்சரிக்கை, மஞ்சளானால் ஸ்கேன் செய்ய நாள் பார்க்காதீர்கள். துருப்பிடித்த தகர டப்பாவைத் தூக்கிப் போடுங்கள், காற்றுப் போகும் பிளாஸ்டிக் டப்பா வாங்குங்கள். ஈரப்பதம் 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் டப்பாவை இரட்டைப் பையில் காற்றுப் புகாமல் கட்ட வேண்டும். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை பையோடே இருக்கட்டும். அவசரப்பட்டால் ஃபிலிம் மேல் பனி வேர்த்து இமல்ஷன் (படம் பதிந்த மேல்பூச்சு) ஒட்டிக்கொள்ளும்.

ஸ்கேன் செய்பவரிடம் ‘ஆட்டோ கலர்’ (இயந்திரமே நிறம் திருத்துவது) வேண்டாம் என்று கறாராகச் சொல்லுங்கள். சயான் வெளுத்தால் அடி வாங்குவது சிவப்புச் சானல். அதில் கொஞ்சம் நஞ்சம் ஒட்டியிருக்கும் விவரத்தை 16 பிட்டில் எடுத்தால்தான் பிறகு இழுக்க முடியும். இழுத்தால் குருணையும் சேர்ந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். முழுப் பச்சை வராது, பாசிப் பச்சை வரலாம்.

வாங்குவதற்கு முன் நீளத்தையும் கேளுங்கள். 16 எம்எம் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 88 நிமிடம் என்றால் 3,168 அடி, 1,600 அடி ரீல் இரண்டில் சிக்கென அடங்கும். மூன்றாவது ரீல் இருந்தால் அது டிவி பதிப்பாக இருக்கலாம், 1976 டிசம்பரில் ஏபிசி ஒளிபரப்பியபோது நடுநடுவே தொகுப்பாளரை வைத்துப் படம்பிடித்த காட்சிகள் ஒட்டியது. படம் மட்டும் வேண்டும் என்பவர் இரண்டு ரீலோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மஞ்சள்செங்கல்:

ரீல்பெட்டி அண்ணே, அத்தை குரலைப் பத்தி ஒரு வரி சொல்லுங்கன்னா ஃபிரிட்ஜ் வரைக்கும் போயிட்டீங்க 😄

பீங்கான்:

2014 படத்தை யாரும் எடுக்கவில்லையே. ‘லெஜண்ட்ஸ் ஆஃப் ஓஸ்: டோரத்தி’ஸ் ரிட்டர்ன்’. முழுக்கக் கணினி அனிமேஷன். வேலை செய்த பிராணா ஸ்டூடியோவுக்கு மும்பையிலும் பெரிய கூடம் இருந்தது, அதனால் நம் ஊர் அனிமேட்டர்கள் பலருக்கு இது வீட்டுப் படம் மாதிரி. 7 கோடி டாலர் பட்ஜெட் என்றார்கள். அமெரிக்காவில் முதல் வார இறுதி வசூல் சுமார் 37 லட்சம் டாலர். அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

ஆனால் பீங்கான் இளவரசி வரும் இடங்களை மட்டும் திரும்பப் பார்க்கத் தோன்றும். பீங்கான் பொம்மைக்கு உயிர் கொடுப்பது தலைவலி. ரப்பர் மாதிரி அமுக்கி இழுத்து நடிக்க வைக்கும் கார்ட்டூன் வித்தை எதுவும் செல்லாது. கன்னம் உப்பினால் பீங்கான் பொய்யாகிவிடும், உப்பாவிட்டால் முகத்தில் உணர்ச்சி இல்லை. முகத்துக்குக் கொஞ்சம் நெகிழ்வு கொடுத்துவிட்டு, கை காலையும் பாவாடையையும் கல்லாக வைத்துச் சமாளிக்கலாம். மீதியைப் பளபளப்பு பார்த்துக்கொள்ளும். நேராகப் பார்க்கும்போது மங்கலாகவும் ஓரத்தில் பார்வை சரியும்போது கண்ணாடி போலவும் பிரதிபலிக்க வேண்டும். அந்த ஓரப் பளபளப்பு எல்லா இடத்திலும் சமமாக இருந்தால் பிளாஸ்டிக் வாளி. அவளுக்குப் பக்கத்திலேயே மார்ஷ்மெல்லோ மிட்டாய்ச் சிப்பாய் ஒருவனை நிறுத்தியது கெட்டிக்காரத்தனம். அவன் ஒளியை உள்ளே உறிஞ்சிக்கொண்டு மொழுமொழுவென்று நிற்கிறான், இவள் ஒளியைத் திருப்பி அடிக்கிறாள்.

புத்தகப்புழு:

பீங்கான் நாடு 1900-ஆம் ஆண்டு முதல் புத்தகத்திலேயே இருக்கிறது. அங்கே சிங்கத்தின் வால் பட்டு ஒரு மாதா கோயிலே உடைந்து நொறுங்கும். 1939 படம் அந்த அத்தியாயத்தைத் தொடவே இல்லை. ஆகவே உங்கள் 2014 படத்தை 1939 படத்தின் தொடர்ச்சி என்று யாராவது சொன்னால் தப்பு, அது புத்தகத்தின் தொடர்ச்சி. அதுவும் பாமின் கொள்ளுப்பேரன் ரோஜர் பாம் எழுதிய கதை.

டப்பிங்_மேசை:

காகிதத்தில் எல்லாமே புத்தகத்தின் தொடர்ச்சிதான், வேறு வழியில்லை. முதல் புத்தகத்தின் உரிமை 1956-இல் காலாவதியாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சிவப்பு மாணிக்கச் செருப்பு மட்டும் அப்போது 1939 படத்தை எடுத்த எம்ஜிஎம் கம்பெனியின் சொத்தாக இருந்தது. புத்தகத்தில் அது வெள்ளிச் செருப்பு, டெக்னிகலரில் எடுப்பாகத் தெரியட்டும் என்று சிவப்பாக்கினார்கள். 1985-இல் நடிகர்களை வைத்து இன்னொரு தொடர்ச்சி எடுத்த டிஸ்னியே அந்தச் செருப்புக்குப் பணம் கட்டித்தான் போட்டுக் காட்டியது. பணம் கட்ட முடியாத 1960-கள் கம்பெனி, முதல் படத்திலிருந்து சட்டச் சிக்கல் இல்லாமல் எதைக் கொண்டுவர முடியும்? ஆட்களின் குரலை. மகளைக் கூப்பிட்டார்கள், சூனியக்காரியையும் கூப்பிட்டார்கள். மஞ்சள்செங்கல் அண்ணனுக்கு உறுத்துவதும் அதுதான்.

மஞ்சள்செங்கல்:

அப்படிப் பார்த்தா ஒத்துக்கலாம். ஒரு சந்தேகம், கடைசியில மோம்பி ரோஜாப்பூவா மாறி ஒளிஞ்சிக்கிறா, அவ படைச்ச யானைங்களே மிதிச்சுடுது. அந்த இடத்துலயும் கால் வழுக்குதா?

எக்ஸ்ஷீட்:

மிரண்டு ஓடும்போது வழுக்கல் கண்ணுக்குத் தெரியாது. ஓட்டத்தில் ஒரு சுழற்சி 12 ஃபிரேமுக்குள் முடிந்துவிடும். கால் தரையில் நிற்பது மூன்று நான்கு ஃபிரேம்தான், பிசகு கண்ணில் படுவதற்குள் தூக்கிவிடும். மேலே புழுதிக்கு ஒரு செல் போட்டால் பாதமே மறையும். புழுதி போடும்போது ஒன்றைப் பார்க்க வேண்டும்: செல் தாள் ஒவ்வொன்றும் கொஞ்சம் வெளிச்சத்தைத் தின்னும். மேலே இரண்டு மூன்று அடுக்கு ஏறினால் அடியில் இருக்கும் நிறம் மங்கும். அதனால் அடி அடுக்கு யானைக்கு ஒரு படி வெளிர்ந்த பச்சை டப்பாவைத் திறக்க வேண்டும். டப்பா மாறிவிட்டால் ஒரே யானை அடுத்த ஷாட்டில் வேறு பச்சையாக வரும்.

ரீல்பெட்டி:

என் பிரிண்டில் அந்தக் கவலை இல்லை, எல்லாம் ஒரே செம்மண்.