கேம்பர் வேன் பண்ண டிராவலர் 3350-ஆ, விங்கரா? வீட்ல 4 பேரு, போறது பூராம் மலை

பொள்ளாச்சி_ராசு

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஒரு வேன் வாங்கி உள்ளயே படுத்து சமைச்சு ஊர் சுத்தற கேம்பரா மாத்தலாம்னு வீட்ல ஒருவழியா முடிவு பண்ணிட்டோம், ஆனா எந்த வண்டி எந்த சைஸ்னு பாக்க ஆரம்பிச்சா தலை சுத்துது. நான், வீட்டுக்காரம்மா, 8 வயசு பொண்ணு, எங்கம்மா. அம்மாவுக்கு 66 வயசு, முட்டிவலி இருக்கு, ஆனா எங்களவிட ஊர் சுத்துற ஆசை அவங்களுக்குத்தான் ஜாஸ்தி. நான் 5 அடி 10 அங்குலம்.

போறது பெரும்பாலும் வால்பாறை, மேகமலை, கொல்லிமலை, மூணாறு பக்கம், வருஷத்துக்கு ஒருவாட்டி கர்நாடகா கடற்கரை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் கிளம்பி ஞாயித்துக்கிழமை ராத்திரி வர்ற மாதிரி. வாடகைக்கு விடுற எண்ணமே இல்ல, சொந்த உபயோகம் மட்டும்தான்.

கையில இருக்கற காசுக்கு புது அர்பேனியா நினைச்சே பாக்க முடியாது. செகண்ட்ஸ்ல ஃபோர்ஸ் டிராவலர் 3350 வீல்பேஸ் (அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல 3350 மில்லிமீட்டர்), அதுலயே நீளமான டிராவலர் 4020, அப்புறம் டாடா விங்கர் ஹை ரூஃப், இந்த மூணும்தான் கண்ணுல படுது. படுக்கை 4, சின்ன சமையல் மேடை, போர்ட்டபிள் டாய்லெட், முடிஞ்சா ஏசி. இஞ்சின் எது, நீளம் எவ்ளோ, பேட்டரி எவ்ளோன்னு சொல்லுங்க. ஓட்டி அனுபவம் இருக்கறவங்க சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்ங்க.

விங்கர்வாசி (சென்னை)

ராசு சார், நான் விங்கர்தான் வச்சிருக்கேன், என் வைஃபும் நானும் மட்டும். உங்கம்மாவுக்கு முட்டிவலின்னு சொன்னீங்க பாருங்க, அந்த ஒரு விஷயத்துக்கு விங்கர் சூப்பர். முன்சக்கர டிரைவ், மோனோகாக் பாடி (தனி சேசிஸ் இல்லாம பாடியோட ஒண்ணா செஞ்சது), அதனால தரை தாழ்வா இருக்கும், ஏறி இறங்கறது ஈஸி. ஓட்டுறதும் கார் மாதிரிதான் இருக்கும், டிராவலர்ல பின்னாடி உக்காந்தா தூக்கி தூக்கி போடும், இதுல அது கம்மி.

ஆனா 4 பேருக்கு நான் இதை சொல்ல மாட்டேன். வெளி அகலமே 1905 மில்லிமீட்டர்தான். ரெண்டு பக்கமும் தகரம், இன்சுலேஷன், உள் பேனல்னு கழிச்சா நடுவுல மிஞ்சறது நீங்க குறுக்க கால நீட்டி படுக்க பத்தவே பத்தாது. நீளவாக்குல படுத்தா ரெண்டு கட்டில் போட்டதும் நடக்க இடம் இல்ல. என் ஹைட் 5 அடி 4, எனக்கு குறுக்க படுக்க சரியா இருக்கு, உங்களுக்கு இருக்காது.

இன்னொன்னு, இஞ்சின் 2.2 டீசல், டார்க் (இழுவைத் திறன்) 200 நியூட்டன் மீட்டர். நாங்க ரெண்டே பேரு, சாமானும் கம்மி, அதுக்கு தாராளம். 4 பேரு, தண்ணி டேங்க், கட்டில் எல்லாம் ஏத்திகிட்டு கொல்லிமலை 70 கொண்டை ஊசி ஏறணும்னா ஃபர்ஸ்ட், செகண்ட்லயே உக்காந்திருப்பீங்க. முன்சக்கர டிரைவ்ல பின்னாடி வெயிட் ஏத்தினா ஏத்தத்துல முன்னாடி வீல்ல அழுத்தம் குறையும், மழை பெஞ்ச ரோட்ல வளைவுல நின்னு எடுத்தா வீல் வழுக்கும். டிராவலர் பின்சக்கர டிரைவ், அதுல இந்த தொல்லை கிடையாது.

கரூர்_பாடிகட்டி

வணக்கம்ங்க. எங்களுக்கு கரூர்ல பாடி கட்டற வேலைதான், பஸ் பாடி மெயின், நடுவுல கேரவன் வேலையும் வருது. வர்றவங்க எல்லாரும் உங்கள மாதிரிதான், எந்த வண்டின்னுதான் மொதல்ல கேக்கறாங்க. நான் திருப்பி கேக்கறது ஒண்ணுதான்: யார் யார் எந்தப்பக்கம் தலை வச்சு படுக்கப் போறாங்க? அதை முடிவு பண்ணாம வீல்பேஸ் முடிவு பண்ண முடியாதுங்க. வீட்டு ஹால்ல சாக்பீஸால வேனோட உள்பக்க நீள அகலத்த கோடு போடுங்க, வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேல உள்பக்கம் புடைச்சிருக்கற தகரம்) வர்ற இடத்தையும் வரைங்க, அம்மாவ பகல்ல ஒருவாட்டி அதுக்குள்ள படுக்கச் சொல்லுங்க, ராத்திரி எந்திரிச்சு டாய்லெட்டுக்கு எப்படி போவாங்கன்னு நடந்து காட்டச் சொல்லுங்க. ஒரே மணி நேரத்துல எல்லாம் தெளிவாயிடும். அம்மாவ மேல் பெர்த்துல போட முடியாது, டாய்லெட்டுக்கு பக்கத்து கீழ் படுக்கை அவங்களுக்கு, அதை மொதல்ல வரைஞ்சிட்டு மீதிய சுத்தி வரைங்க.

அடுத்தது வெயிட். இதைத்தான் யாரும் யோசிக்கறதில்ல. ஆசாரி வீட்டு கப்போர்டுக்கு போடற அதே 18 மில்லி பிளைவுட்டதான் வேன்லயும் போடுவேன்னு நிப்பாரு. 8-க்கு 4 ஷீட் ஒண்ணு 35 கிலோவுக்கு மேல வரும், 5 ஷீட் இறங்கினா அதுவே 175 கிலோ தாண்டிடுச்சு, அதாவது பெரியவங்க மூணு பேர் எப்பவும் வண்டில உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம். கட்டில் பலகைக்கு 12 மில்லி, பொட்டி கதவுக்கு 9 மில்லி, ஃபிரேம் அலுமினிய செக்‌ஷன்ல போடுங்க, போதும். தண்ணி ஒரு லிட்டர் ஒரு கிலோ, 100 லிட்டர் டேங்க்னா 100 கிலோ, அதை பின் ஆக்ஸிலுக்கு பின்னாடி தொங்க விடாதீங்க, ரெண்டு ஆக்ஸிலுக்கு நடுவுல கீழ வைங்க.

வண்டி ஆர்சில அன்லேடன் வெயிட்டும் (வெறும் வண்டி எடை) ஜிவிடபிள்யூவும் (ஆள், சாமானோட சேத்து அனுமதிச்ச மொத்த எடை) போட்டிருக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் உங்க கையிருப்பு. சீட் கழட்டினா கொஞ்சம் கூடும். வேலை பாதி முடிஞ்சதும் எடை மேடைக்கு ஓட்டிட்டு போங்க, முழு வண்டி ஒரு தடவ, முன்சக்கரம் மட்டும் மேடை மேல ஒரு தடவ, பின்சக்கரம் மட்டும் ஒரு தடவ. இடது வலது ஒரே பக்கமா சாஞ்சிருக்கான்னும் பாருங்க, கிச்சன், டேங்க், பேட்டரி மூணையும் ஒரே பக்கம் போட்ட வண்டிய வளைவுல திருப்பினா டிரைவருக்கு உடனே தெரியும்.

வண்டி எதுன்னு கேட்டா, உங்க 4 பேருக்கு டிராவலர் 3350 ஹை ரூஃப். 4020-ல வேலை செய்ய எங்களுக்கு சுகம்தான், ஆனா வால்பாறை 40 வளைவுல ஓட்டப் போறது நீங்க.

மேகமலை_மாரி

கரூர் அண்ணே, மத்ததெல்லாம் கரெக்ட், 4020-க்கு மட்டும் நான் கொஞ்சம் பரிஞ்சு பேசுறேன். வால்பாறைக்கு கவர்மெண்ட் பஸ்ஸே தினம் ஏறி இறங்குது, அதோட வீல்பேஸ் 4020-ஐ விட பெருசு. வண்டி திரும்பாதுன்னு இல்ல. ஓட்டுறவருக்கு பெரிய வண்டி கைப்பழக்கம் இருக்கான்றதுதான் கேள்வி. ராசு அண்ணே, நீங்க இதுவரைக்கும் கார் மட்டும்தான் ஓட்டியிருக்கீங்கன்னா 3350 எடுங்க. சின்னமனூர்ல இருந்து மேகமலை ஏறுற ரோட்ல எதுத்தாப்புல எஸ்டேட் வண்டி வந்தா ஒதுங்க இடம் தேடி ரிவர்ஸ் போகணும், ஒவ்வொரு அடி நீளமும் அங்கதான் தெரியும். கிராமத்துக்குள்ள நுழைஞ்சு ஒரு மரத்தடியில வண்டிய போடுறதுக்கும் 3350-தான் தோது.

இஞ்சின பத்தி கவலையே வேணாம், பிஎஸ்6 டிராவலர் 2.6 லிட்டர், 115 குதிரை, டார்க் 350 நியூட்டன் மீட்டர், லோடோட ஏத்தத்துல அலட்டிக்காம ஏறும். இறக்கத்துலதான் கவனம். ஏறுன கியர்லயே இறங்கணும், பிரேக்க மட்டும் நம்பி மூணு டன் வண்டிய இறக்கினா கீழ வர்றதுக்குள்ள புகை வாடை வரும். செகண்ட்ஸ்ல வாங்குனதும் இஞ்சின் வேலைக்கு முன்னாடி பிரேக் வேலைய முடிச்சிருங்க, டயர் வாங்குறப்ப லோட் ரேட்டிங் பாத்து வாங்குங்க.

ஆர்டிஓ_அலைஞ்சவள்

எல்லாரும் இஞ்சின், பிளைவுட்னு பேசுறீங்க, பேப்பர் விஷயத்த யாருமே தொடலையே. ராசு அண்ணா, வண்டி தேடுறதுக்கு முன்னாடியே உங்க ஆர்டிஓ ஆபீஸ்ல போய் பேசிடுங்க. ஆர்சில இருக்கற தயாரிப்பாளர் விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்லுது, 2019 ஜனவரில சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணுச்சு. அதனால முதல்ல அனுமதி, அப்புறம் வேலை, கடைசியா ஆர்சில மாத்தம் பதியறது, இந்த வரிசை தப்பக்கூடாது. சொந்த உபயோக கேம்பர் வேனுக்குன்னு வாகன்ங்கற அரசாங்க ஆன்லைன் வண்டிப் பதிவுல தனி வகையே இருக்கு. மோட்டார் கேரவனுக்கு ஏஐஎஸ் 124-னு தனி தரநிலையும் இருக்கு, கட்டித் தர்றவங்ககிட்ட அது தெரியுமான்னு கேளுங்க, முழிச்சாங்கன்னா வேற இடம் பாருங்க.

மஞ்சள் போர்டு டூரிஸ்ட் வேன் விலை கம்மியா கிடைக்கும், ஆனா பர்மிட் சரண்டர், வரி பாக்கி இல்லைன்னு சான்று, கடன் இருந்தா ஆர்சில இருக்கற ஹெச்பி (கடன் பதிவு) கேன்சல், எல்லாம் முடிச்சு குடுக்கறது விக்கறவர் பொறுப்புன்னு எழுதி வாங்கிட்டு அட்வான்ஸ் குடுங்க. லைசென்ஸ் பத்தி பயப்பட வேணாம், 7500 கிலோ ஜிவிடபிள்யூ வரைக்கும் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸே போதும், டிராவலர் அதுக்கு ரொம்ப கீழ. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாத்தத்த எழுத்துல தெரியப்படுத்தி பாலிசில ஏத்துங்க, தெரியப்படுத்தாத வண்டிக்கு கிளைம் வரும்போதுதான் கேள்வி கேப்பாங்க.

இன்னொன்னு ரொம்ப முக்கியம். வண்டி ஓடும்போது குழந்தையும் அம்மாவும் எங்க உக்காருவாங்க? கட்டில்ல உக்காந்துகிட்டு வர்றது கூடவே கூடாது. முன்னாடி பாத்து உக்கார்ற கம்பெனி சீட் ரெண்டு, அதோட ஒரிஜினல் போல்ட், பெல்ட்டோட அப்படியே விட்டுட்டு மீதிய மட்டும் கழட்டச் சொல்லுங்க. பிளைவுட் தரையில சீட்ட போல்ட் பண்ணி தர்றேன்னு யாராவது சொன்னா அந்த இடத்த விட்டே வந்துருங்க. வாங்கற வண்டில அந்த சீட் வரிசை நல்லா இருக்கா, பெல்ட் இருக்கான்னு பாக்கறதும் உங்க ஸ்பெக்ல ஒரு வரிதான்.

சோலார்_சரவணன்

கரண்ட் கணக்கு நான் சொல்றேன். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் 50 லிட்டர் சைஸ் ஒரு நாளைக்கு அரை யூனிட் சுமார், பிஎல்டிசி ஃபேன் 30 வாட்ல ரெண்டு ஃபேன் ஒரு ராத்திரி பூரா ஓடினா இன்னொரு அரை யூனிட்டுக்கு மேல, லைட்டு, போன், பம்ப் சேத்து ஒன்னரை யூனிட்ல முடிஞ்சுரும். 200 ஏஹெச் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி ஒண்ணு இரண்டரை யூனிட் தாங்கும், எடை 25 கிலோ பக்கம். அதே 200 ஏஹெச் வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலர்னா 60 கிலோ, அதுலயும் பாதிக்கு மேல இறக்குனா ஆயுசு போயிரும். விலைய பாத்துட்டு டியூபுலர் வாங்காதீங்க ராசு. கூரை மேல 400 வாட் பேனல், வெயில் நாள்ல போட்டத திருப்பி ரொப்பிரும். மழை நாளுக்கு இஞ்சின்ல இருந்து டிசி டு டிசி சார்ஜர் கண்டிப்பா வைங்க, ஆல்டர்னேட்டர்ல (இஞ்சினோட சுத்தி கரண்ட் தர்றது) இருந்து நேரா வயர் இழுக்க விடாதீங்க, லித்தியம் இழுக்கற இழுப்புக்கு ஆல்டர்னேட்டர் சூடாகும்.

ஏசி கேட்டீங்க. வண்டியோட ஏசி இஞ்சின் ஓடினாத்தான் ஓடும், தூங்கும்போது ஓடாது. தனியா சின்ன இன்வெர்ட்டர் ஏசி வச்சா ராத்திரி 4 யூனிட் கேக்கும், அப்ப பேட்டரி, இன்வெர்ட்டர், எடை எல்லாம் ரெண்டு மடங்கு. நீங்க போறது வால்பாறையும் மேகமலையும், அங்க போத்திக்க கம்பளிதான் வேணும். அந்த காச இன்சுலேஷன்ல போடுங்க, நைட்ரைல் ரப்பர் ஷீட் 19 மில்லி கூரைக்கும் சைடுக்கும் இடைவெளி இல்லாம ஒட்டுங்க. மலையில ராத்திரி 4 பேர் விடற மூச்சு தகரத்துல பட்டு சொட்டும், கூரையில எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணு இல்லாம விட்டா பிளைவுட் பின்னாடி துரு பிடிக்கும்.

சமையலுக்கு இண்டக்‌ஷன் ஆசை இருந்தா, 2000 வாட் 12 வோல்ட்ல 170 ஆம்பியர் தாண்டும், ஒயர் கட்டைவிரல் மொத்தம் வேணும், ஃபியூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கணும். 5 கிலோ சின்ன கேஸ் சிலிண்டர்னா தரையோட ஒட்டி வெளிய தொறக்கற ஒரு துவாரம் வச்சே ஆகணும், கேஸ் காத்த விட கனம், கீழதான் தங்கும்.

பொள்ளாச்சி_ராசு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கரூர் அண்ணா சொன்ன மாதிரி நேத்து ஹால்ல சாக்பீஸ் கோடு போட்டோம். அம்மா கதவுக்கு பக்கத்து படுக்கைதான் வேணும்னு சொல்லிட்டாங்க, பாப்பா மேல் பெர்த், நாங்க ரெண்டு பேரும் பின்னாடி நீளவாக்குல. முன்னாடி ரெண்டு கம்பெனி சீட்ட விட்டுட்டும் 3350 அளவுக்குள்ள நிக்குது, நடக்க ஒண்ணரை அடி மிச்சம். ஏசிய எடுத்தாச்சு. விங்கரும் எடுத்தாச்சு, ஆனா அம்மா ஏற மடக்குப் படி ஒண்ணு வைக்கணும்.

திங்கக்கிழமை ஆர்டிஓ ஆபீஸ் போறேன். நாமக்கல் பக்கம் ஒரு பிஎஸ்6 டிராவலர் 3350, ஸ்கூலுக்கு ஓடுனது, ஒரு ஏஜெண்ட் காட்டுறேன்னாரு. தூத்துக்குடில இன்னொன்னு, விலை நல்லா கம்மி. எதை போய் பாக்கட்டும்? பாக்கும்போது என்ன பாக்கணும்?

கரூர்_பாடிகட்டி

நாமக்கல்லயே மொதல்ல பாருங்க தம்பி. கடலோரத்துல ஓடுன வண்டி உப்புக்காத்துல அடிப்பக்கம் அரிச்சிருக்கும், விலை கம்மியா இருக்கறதுக்கு அதுவே காரணமா இருக்கலாம். எதை பாத்தாலும் டார்ச் ஒண்ணு, பழைய ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு எடுத்துட்டு போங்க. தரை மேட்ட முழுசா தூக்கச் சொல்லுங்க, தூக்க விடலைன்னா பேச்ச முடிச்சுக்கோங்க. வீல் ஆர்ச் உள்பக்கம், படிக்கட்டு ஓரம், பின்கதவு கீழ் மூலை, கூரை மழைக்கால்வா, இந்த நாலு இடத்துலயும் ஸ்க்ரூ டிரைவரால லேசா குத்துங்க, பெயிண்ட் உப்பி உள்ள போச்சுன்னா அது வெறும் துரு இல்ல, தகரமே போயிருச்சுன்னு அர்த்தம். சேசிஸ் நம்பர ஆர்சியோட ஒத்துப் பாத்துட்டு, வண்டி தண்ணி சர்வீஸ் பண்ணதும் உள்ள உக்காந்து கூரைல கசிவு இருக்கான்னு பாருங்க. உள்பக்கம் ரெண்டு வீல் ஆர்ச்சுக்கும் நடுவுல எவ்ளோ அகலம், தரையில இருந்து கூரை எவ்ளோ உயரம்னு டேப் வச்சு அளந்து இங்க போடுங்க, கட்டில் அளவ நான் சொல்றேன்.