சர்க்கரை மாத்திரையுடன் சிறுகுறிஞ்சான் பொடி சேர்க்கலாமா?

கேள்வி:
62 வயதாகும் என் தாயார் எட்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மினும், காலை உணவுக்கு முன் கிளிமிப்பிரைடும் எடுத்து வருகிறார். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த சிறுகுறிஞ்சான் பொடியை ஒரு வாரமாக வெந்நீரில் கலந்து குடிக்கிறார். நேற்று முற்பகலில் கை நடுங்கி, முந்தானை நனையுமளவுக்கு வியர்த்துவிட்டது. எதை நிறுத்துவது?

மறுமொழி 1:
பொடியை இன்றே நிறுத்துங்கள். அடுத்த வேளை கிளிமிப்பிரைடுக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். கிளிமிப்பிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து என்பதால், சர்க்கரையைக் குறைக்கக்கூடிய மூலிகையும் அதனுடன் சேரும்போது தாழ்சர்க்கரை ஏற்படலாம். மீண்டும் நடுங்கினால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.

மறுமொழி 2:
மூலிகையை நான் இகழவில்லை. சிறுகுறிஞ்சான் இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் மணலைப் போலத்தான் இருக்கும், இனிப்பே தெரியாது. மெட்ஃபார்மினின் கதையும் ஐரோப்பாவின் கலேகா என்னும் செடியிலிருந்து தொடங்கியதுதான். 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் மெட்ஃபார்மினை நீரிழிவுக்குப் பயன்படுத்திய முடிவுகளை வெளியிட்டார். ஆனால் மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று அட்டையிலேயே இருக்கிறது; கைப்பிடிப் பொடியில் மருந்துப்பொருள் எவ்வளவு என்பதைக் கொடுத்தவராலும் சொல்ல முடியாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. மருத்துவரிடம் பேசிவிட்டேன், பொடி டப்பாவையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார்.