மீன் தொட்டித் தண்ணீர் மூன்றே நாளில் பச்சையாகிறது: லைட்தான் காரணமா?

கேட்பவர் (மதுரை)
வணக்கம். எங்கள் வீட்டில் இருப்பது 2 அடித் தொட்டி, 60 லிட்டர் பிடிக்கும். பத்து கப்பி மீன், கொஞ்சம் வாலிஸ்நேரியா செடி, கட்டையில் நூல் சுற்றி வைத்த ஒரு அனுபியாஸ் செடி. இரண்டு மாதம் முன்பு பழைய டியூப் லைட்டை எடுத்துவிட்டு எல்இடி போட்டேன். அதன்பிறகு தண்ணீர் கீரை வேகவைத்த தண்ணீர் போல ஆகிவிட்டது. முழங்கை வரை கையை விட்டால் விரல் தெரிவதில்லை. அனுபியாஸ் இலையெல்லாம் பச்சைப் புள்ளி, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. ஞாயிறுதோறும் முழுத் தண்ணீரையும் மாற்றி, ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் கசக்கிப் பிழிகிறேன். புதன்கிழமைக்குள் மறுபடி அதே பச்சை. இன்று விடியற்காலையில் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மனசு கேட்கவில்லை, உதவுங்கள்.

பதில் (கோவை)
லைட் எத்தனை மணி நேரம் எரிகிறது தம்பி? தொட்டி ஜன்னல் பக்கமா?

கேட்பவர்
காலை 6 மணிக்கு அப்பா போடுவார், இரவு 11 மணிக்கு நான் அணைப்பேன். கிழக்கு ஜன்னல் எதிரே இருக்கிறது, 9 மணி வரை வெயில் நேராக விழும் அண்ணா.

பதில் (திருச்சி)
எனக்கும் இப்படித்தான் ஆனது. பாசி மருந்து ஊற்றினேன், இரண்டு நாளில் தெளிந்துவிட்டது.

பதில் (கோவை)
இப்போது மருந்து வேண்டாம். மிதக்கும் பாசி இரவில் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால்தான் விடியலில் மீன் மேலே வருகிறது. அவ்வளவு பாசியும் ஒரே நேரத்தில் செத்து அழுகினால் ஆக்சிஜன் இன்னும் குறையும். இன்றைக்கே ஏர் பம்ப்பை இராப்பகலாக ஓடவிடுங்கள்.

17 மணி நேர லைட், அதற்கு மேல் வெயில். செடிக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும், மிச்ச வெளிச்சத்தில் பாசிதான் வளரும். இது அழுக்கு இல்லை, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. முழுத் தண்ணீரையும் மாற்றினாலும் கண்ணாடியிலும் மணலிலும் ஒட்டியிருப்பது மறுபடி பெருகிவிடும். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவினால், அதிலுள்ள குளோரின், அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்றுவிடும். மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா அப்படியே தங்கி, பாசிக்கு உரமாகிறது. இனிமேல் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, கெட்டிப் போர்வையால் தொட்டியின் நான்கு பக்கத்தையும் மேல்பக்கத்தையும் மூடி நான்கு நாள் இருட்டில் விடுங்கள். காற்று போக மட்டும் மேலே கொஞ்சம் இடைவெளி இருக்கட்டும். தீனி வேண்டாம், வளர்ந்த கப்பி தாங்கும். ஆசைக்காக நடுவில் திறந்து பார்க்காதீர்கள்.

கேட்பவர் (ஐந்தாம் நாள்)
அண்ணா, போர்வையை எடுத்ததும் பின்சுவரில் உள்ள பல்லிகூடத் தெரிகிறது! தண்ணீர் லேசாகச் சாம்பல் நிறம், அவ்வளவுதான். மீன் பத்தும் நலம். வாலிஸ்நேரியாவில் மட்டும் நாலைந்து இலை வெளுத்திருக்கிறது.

பதில் (கோவை)
நல்லது. அந்தச் சாம்பல் செத்த பாசி. இன்றே பாதித் தண்ணீர் மாற்றுங்கள், வெளுத்த இலைகளை வெட்டிவிடுங்கள். ஜன்னல் பக்கக் கண்ணாடியில் கறுப்புச் சார்ட் தாளை ஒட்டி, லைட்டுக்கு டைமர் போடுங்கள். அனுபியாஸ் நிழல் செடி, மெதுவாக வளரும். அதை லைட்டின் நேர் கீழிருந்து மூலைக்கு நகர்த்துங்கள். புள்ளி விழுந்த பழைய இலை தெளியாது, புது இலை சுத்தமாக வரும்.

கேட்பவர்
ஒரே ஒரு சங்கடம். அப்பாவுக்குக் காலையில் தொட்டி முன் உட்கார்ந்து காபி குடித்தால்தான் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். டைமரை மாலைக்கு வைத்தால் அவருக்கு இருட்டுத் தொட்டிதான்.

பதில் (கோவை)
அப்பாவுக்குக் காலை 6 முதல் 7 வரை கொடுங்கள், வீட்டில் எல்லோருக்கும் மாலை 5 முதல் 10 வரை. மொத்தம் 6 மணி நேரம், செடிக்கு ஒன்றும் ஆகாது. அப்புறம், மீனுக்கு இமை கிடையாது. இருட்டில் சட்டென்று லைட் எரிந்தால் மிரண்டு கண்ணாடியில் மோதும். அப்பாவை முதலில் ஹால் லைட்டைப் போடச் சொல்லுங்கள், காபி கலந்து எடுத்து வருவதற்குள் தொட்டி லைட் தானாக எரியும்படி டைமரை வையுங்கள்.