திருக்கடையூர் வருகிறோம், தரங்கம்பாடிக்கு அரை நாள் ஒதுக்கலாமா?

கேள்வி:
அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூரில். பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும், ரயில் இரவுதான். கூட இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. பக்கத்தில்தானே தரங்கம்பாடி, போகலாம் என்றால், "டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைத் தவிர அங்கே ஒன்றுமில்லை, பத்து நிமிஷத்தில் திரும்பிவிட்டோம்" என்கிறார் சித்தப்பா. பேசாமல் பூம்புகார் போய்விடலாமா?

ஊர்சுற்றி:
சித்தப்பா உச்சி வெயிலில் போயிருப்பார், அந்த நேரத்தில் அங்கே யாருக்கும் எதுவும் கண்ணில் படாது. சாப்பிட்டுக் கொஞ்சம் படுத்து எழுந்து மூன்றரைக்கு மேல் போங்கள். எல்லோரும் காரை நேராகக் கோட்டை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள், அதுதான் தப்பு. 1792இல் கட்டிய நகர வாயிலிலேயே இறங்கி ராஜ வீதி வழியாகக் கடலைப் பார்த்து நடங்கள். வழியில் சீயோன் தேவாலயம் (1701), அப்புறம் 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம். இதன் முகப்பை நின்று பாருங்கள், டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக்கின் முத்திரை எழுத்தும் மேலே கிரீடமும் இருக்கும். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவை இதற்குள்தான் அடக்கம் செய்திருக்கிறார்கள். கோட்டை கடைசியில் வரட்டும். அதற்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, உங்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தான்:
கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள், கடலோரமாகவே மாசிலாமணிநாதர் கோயில் இருக்கிறது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது, முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. ஊரின் பழைய பேர் சடங்கன்பாடி என்று அங்கே உள்ள கல்வெட்டில்தான் வருகிறது. டேனிஷ்காரர்கள் 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டும்போதே இந்தக் கோயிலுக்கு 300 வயசு! அலைத் தடுப்புக்குக் கொட்டிய கருங்கற்கள் வழுக்கும், பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

பழையகாகிதம்:
திரும்பும் வழியில் பொறையாறில் கடுதாசிப்பட்டறை என்று ஓர் இடம் உண்டு. சீகன்பால்கு காலத்தில் அச்சுக்குக் காகிதம் செய்த ஆலை இருந்த இடம். ஆலை போய்விட்டது, பேர் மட்டும் நிற்கிறது. இறங்கிப் பார்க்க ஒன்றுமில்லைதான், ஆனால் எனக்கு அந்தப் பேரைக் கேட்பதே சந்தோஷம்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. எங்களுக்குச் சனிக்கிழமை, தப்பித்தோம். அம்மாவால் அந்த வீதி முழுக்க நடக்க முடியுமா?

ஊர்சுற்றி:
சமதளம்தான், தூரமும் குறைவு. முடியாவிட்டால் வண்டியில் அனுப்பிவிடுங்கள், கோட்டைக்கு முன்னால் கடல் காற்றில் உட்கார்ந்திருக்கட்டும். மாடிப்படி மட்டும் அவருக்கு வேண்டாம். பூம்புகாரை இதோடு சேர்க்காதீர்கள், ரெண்டுமே அரைகுறையாகிவிடும்.