கொள்ளளவு மிச்சமிருந்தும் சுத்திகரிப்பு நிலையம் திணறுவது ஏன்?

கொக்குவில் வாசி:
யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தேங்குவதே எங்கள் கிணற்று நீர் என்பதால், வீட்டுக்கு வீடு உள்ள மலக்குழிகளிலிருந்து கசியும் நைத்திரேற்றும் அதே நீரில்தான் சேர்கிறது. பொதுக் குழாயும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும் என்று அண்மையில் ஒரு கூட்டத்தில் பேசினேன். வளர்முக நாடுகளில் கட்டப்படும் நிலையங்கள் சில ஆண்டுகளிலேயே சுமை தாங்காமல் போய்விடுகின்றன என்று பெரியவர் ஒருவர் மறுத்தார். சனத்தொகைப் பெருக்கம் மட்டுந்தானா காரணம்?

பழைய இயக்குபவர்:
சனத்தொகையும் ஒரு காரணந்தான். ஆனால் நான் வேலை செய்த நிலையத்தில், வடிவமைத்த அளவில் பாதி நீர்கூட வராத நாட்களிலும் தொட்டி திணறியதைக் கண்டிருக்கிறேன். சுமையை லீற்றரில் மட்டும் அளப்பதால் வரும் மயக்கம் இது. ஒருவரிடமிருந்து நாளாந்தம் சேரும் கழிவைத் தொட்டியிலுள்ள பற்றீரியாக்கள் சிதைக்க ஏறத்தாழ 50 கிராம் ஒட்சிசன் தேவை. அவர் 200 லீற்றர் நீர் பாவித்தால் லீற்றருக்கு 250 மில்லிகிராம் ஆகும் அதே கழிவு, நீர்த் தட்டுப்பாட்டில் 80 லீற்றர் மட்டும் பாவித்தால் 625 மில்லிகிராம் ஆகிவிடுகிறது. நீர் குறைந்தாலும் பற்றீரியாக்களுக்கான வேலை குறைவதில்லை.

இதற்கு மேல் மலக்குழி இறைக்கும் பவுசர்கள் (தாங்கி வண்டிகள்). பல ஆண்டுகள் தேங்கிய கழிவின் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 5,000 மில்லிகிராமையும் எட்டக்கூடும். அப்படிப்பட்ட 4,000 லீற்றரை ஒரே தடவையில் ஊற்றினால், 400 பேரின் ஒரு நாள் சுமை சில நிமிடங்களில் வந்து விழுகிறது. மாரியில் நிலத்தடி நீர் உயர்ந்து மலக்குழிகள் நிரம்ப, எல்லா வீட்டாரும் ஒரே வாரத்தில் பவுசரைத் தேடுவார்கள். முற்றத்து வெள்ளத்தைக் கழிவுக் குழாய்க்குள் திருப்பிவிடுபவர்களும் அந்த நாட்களில்தான் கூடுவார்கள் (இதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்வதில்லை). அந்த வெள்ளத்தின் வேகத்தில், படியவேண்டிய பற்றீரியாச் சேறு தெளிவுத் தொட்டியைத் தாண்டி அடித்துச் செல்லப்படும். சேறு உலர்த்தும் பாத்திகளும் மழையில் உலராது என்பதால், அகற்றவேண்டிய மிகைச் சேறு தொட்டிக்குள்ளேயே கிடக்கும்.

கோண்டாவில் மாணவி:
ஐயா சொன்னதுடன் மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பற்றீரியாக்களுக்கு ஒட்சிசன் கிடைக்கக் காற்றூட்டும் நிலையங்களில் மின்செலவில் ஏறத்தாழப் பாதி காற்றூட்டத்துக்கே போகிறது. 2022 மார்ச் இறுதியில் இங்கே நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டோம். மின்பிறப்பாக்கிக்கு டீசல் இல்லாவிட்டால் ஒட்சிசன் தீர்ந்து தொட்டி நாறத் தொடங்கும்.

கட்டுவதும் இயங்குவதும் ஒன்றல்ல என்பதற்கு இந்திய மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021இல் வெளியிட்ட கணக்கைப் பார்க்கலாம். நகரங்களில் நாளொன்றுக்கு உருவாகும் கழிவுநீர் 72,368 மில்லியன் லீற்றர். நிறுவிய கொள்ளளவு 31,841. உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 20,236. கொள்ளளவே பாதிக்கும் குறைவு, அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படவில்லை. நிலையம் கட்டக் கடனுதவி கிடைப்பதுபோல, வீட்டு வாசல் வரை குழாய் பதிக்கவும் இயக்குபவருக்குச் சம்பளம் கொடுக்கவும் எளிதில் பணம் கிடைப்பதில்லை.

கொக்குவில் வாசி:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் அடுத்த கூட்டத்தில் நான் எதைக் கேட்பது?

பழைய இயக்குபவர்:
எத்தனை லீற்றர் என்பதோடு நின்றுவிடாமல், எத்தனை கிலோகிராம் கழிவுக்கு வடிவமைக்கிறார்கள் என்று கேளுங்கள். பவுசர்க் கழிவைத் தனித் தொட்டியில் வாங்கி, இரவில் வரத்து குறையும் வேளையில் சிறிது சிறிதாக விட ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள் தம்பி. எங்கள் நிலையத்தில் அந்தத் தொட்டி வரைபடத்தில் இருந்தது. செலவைக் குறைக்கும்போது முதலில் வெட்டப்பட்டதும் அதுதான்.