கொம்பில் அடைத்த சாணமும் பீப்பாயின் குட்டிக் கதவும்

ஈரமண்:

பிரான்சில் பயோடைனமிக் முறையில், அதாவது செயற்கை ரசாயனம் இல்லாமல் நாள் நட்சத்திரம் பார்த்துச் செய்யும் இயற்கை விவசாயத்தில், ஒயின் செய்யும் குடும்பத் தோட்டங்களுக்குப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஸ்ட்ராஸ்பூர்கில் படித்துக்கொண்டிருந்தபோது கைச்செலவுக்காகத் திராட்சை அறுவடைக்குப் போனேன். அல்சாஸில், கோல்மாருக்குத் தெற்கே ஒரு சின்ன கிராமம். ஒன்பது ஹெக்டேர், நம் கணக்கில் 22 ஏக்கர். அப்பா, அம்மா, மகள் மூவரும்தான் முதலாளி, மூவரும்தான் கூலி. அறுவடை சமயத்தில் மட்டும் எங்களைப் போல பத்துப் பன்னிரண்டு பேர். முதல் நாளே கத்தரியில் ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டேன். அந்த அம்மா பிளாஸ்திரி ஒட்டிவிட்டு, "பழத்தைத்தான் வெட்டச் சொன்னோம்" என்றார்.

எனக்கு மறக்காதது தோட்டம் அல்ல, நிலவறை. நான் ஒரு வாரம் முன்னதாகவே போயிருந்தேன். அங்கே ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பழைய ஓக் பீப்பாய்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குட்டிக் கதவு, ஒரு முழ உயரம்கூட இருக்காது. புது ஒயின் வருமுன் யாராவது அதற்குள் நுழைந்து கழுவ வேண்டும். அப்பாவுக்கு வயிறு இடம் கொடுக்காது. மகளுக்குத் தோள் சுளுக்கு. இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது நான் ஒல்லிக்குச்சி.

முதலில் மெழுகுவத்தியைக் கொளுத்தி உள்ளே விட்டார் அப்பா. காற்று கெட்டுப்போயிருந்தால் அணைந்துவிடும். அணையவில்லை, சரி, அடுத்தது நான். ஒரு கையை முன்னால் நீட்டி, தலை, அப்புறம் தோளைச் சாய்த்து ஒன்று ஒன்றாக. உள்ளே டார்ச் அடித்தால் சுவர் முழுக்க மின்னுகிறது, கற்கண்டு ஒட்டி வைத்தது போல. நாக்கில் வைத்துப் பார்த்தேன், புளிப்பு. டார்டாரிக் அமிலத்தின் உப்பாம், ஒயினிலிருந்து தானாகப் படிவது. நம் புளிக்குப் புளிப்பைக் கொடுப்பதும் அதே அமிலம்தான்.

அவர்கள் கடை ஈஸ்ட் போடுவதில்லை. சாற்றை மெதுவாகப் பிழிந்து பீப்பாயில் விட்டால் தோலிலும் நிலவறையிலும் இருப்பதே நொதிக்க வைக்கும். சில பீப்பாய்கள் அடுத்த வசந்தம் வரை முனகிக்கொண்டே கிடக்கும். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஈஸ்டர் விடுமுறையில் மறுபடி போனபோது பசுங்கொம்புகளைத் தோண்டி எடுத்தார்கள். இலையுதிர்காலத்தில் சாணத்தை அடைத்துப் புதைத்தவை. வசந்தத்தில் எடுத்தால் சாண நாற்றம் துளியும் இல்லை, காட்டு மண் வாசனை. ஹெக்டேருக்குச் சுமார் 100 கிராம்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் கலக்க வேண்டும். ஒரு பக்கமாகச் சுற்றி நடுவே குழி விழுந்ததும் சட்டென்று மறுபக்கம். இருபதாவது நிமிடத்தில் எனக்குக் கை விட்டுப்போனது. மகள் குச்சியை வாங்கிக்கொண்டாள். "இதையெல்லாம் நம்புகிறாயா?" என்று கேட்டேன். "அப்பா நம்புகிறார். நான் கலக்குகிறேன்" என்றாள்.

சாயங்காலம் வாளியில் தூரிகையைத் தோய்த்து வரிசை வரிசையாகத் தெளித்துக்கொண்டே போனார்கள். அசப்பில் வாசலில் சாணம் தெளிப்பதேதான்.

லாஷப்பெல்:

நான் பரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தின் சமையற்கட்டில் வேலை செய்கிறேன். கோப்பை கழுவத் தொடங்கி இப்போது மீன் பகுதி. எங்கள் முதலாளிக்குப் பயோடைனமிக் ஒயின் என்றால் உயிர். மரியா தூன் நாட்காட்டியைச் சுவரில் மாட்டி வைத்திருப்பார். சந்திரன் நிற்கும் ராசியை வைத்து வேர்நாள், இலைநாள், பூநாள், பழநாள் என்று நாலு வகை. பழநாளில்தான் ஒயினைச் சுவைத்து வாங்குவார், வேர்நாளில் வாய் வைக்கமாட்டார். எங்கள் அப்பாச்சியும் அட்டமி நவமியில் ஒன்றும் தொடங்கமாட்டா, அதனால் எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. ஒருநாள் மனுசன் மறதியில் ஒரு போத்தலைத் திறந்து குடித்துவிட்டு ஆகா ஓகோ என்றார். சுவரைப் பார்த்தேன், வேர்நாள். நான் ஒன்றும் கதைக்கவில்லை.

அவர் சொல்லித்தான் லுவார் பக்கம் சவெனியேர் போய் கூலே த செரான் பார்த்தேன். ஏழு ஹெக்டேர்தான், ஆனால் பிரான்சு முழுக்கப் பெயர் பெற்ற சரிவு. சிஸ்டெர்சியன் துறவிகள் 1130இல் கொடி நட்ட இடம். நிக்கோலா ஜோலி குடும்பம் எண்பதுகளிலிருந்து பயோடைனமிக் முறையில் செய்கிறது. கீழே ஆறு, காலடியில் சிலேட்டுக் கல். ஒரேயொரு போத்தல் வாங்கினேன், விலையைக் கேட்காதீர்கள். திறந்த அன்றைக்கு என்னடா இது என்றிருந்தது. மிச்சத்தை மூடி வைத்து மறுநாள் குடித்தால் வேறு ஒயின். மூன்றாம் நாளும் நன்றாயிருந்தது, ஆனால் அதற்குள் மச்சான் வந்துவிட்டான்.

மயில்துத்தம்:

கொம்பு, நட்சத்திரம் எல்லாம் இருக்கட்டும். இந்தத் தோட்டங்களுக்கு உண்மையான பரிட்சை வைப்பது மழையில் திராட்சைக் கொடியைத் தாக்கும் அடிச்சாம்பல் நோய்தான். நான் போர்டோ பக்கம் மண் பரிசோதனை வேலையில் இருப்பவன், கொஞ்சம் கோணலாகத்தான் பார்ப்பேன்.

நம்மூர் விவசாயிகள் தெளிக்கும் போர்டோ கலவை, மயில்துத்தம் என்ற செம்பு உப்பும் சுண்ணாம்பும், இந்த ஊர்க்காரன்தான். மெதோக் பகுதியில் சாலையோரப் பழங்களை வழிப்போக்கர்கள் பறிக்காமலிருக்க நீலமாக எதையோ பூசி வைத்தார்கள். நோய் வந்தபோது அந்தக் கொடிகளில் மட்டும் இலை உதிரவில்லை. மில்லார்தே என்ற தாவரவியலாளர் அதைக் கவனித்து 1885இல் வெளியிட்டார். இன்றைக்கும் பயோடைனமிக்காரர்களுக்குக் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம் அதே செம்புதான். ரசாயனம் இல்லை என்று விற்பனையில் சொல்லும்போது இதை மெல்ல விழுங்கிவிடுவார்கள். ஐரோப்பிய விதிப்படி ஏழு வருடத்தில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் போகக்கூடாது. செம்பு இலைமேல் உட்கார்ந்திருந்தால்தான் காவல். மழை கழுவிவிட்டால் மறுபடி டிராக்டரை எடுக்க வேண்டும்.

2018 வசந்தத்தில் மழை விடவே இல்லை. ஜூலையில் ஒரு குடும்பத் தோட்டத்துக்குப் போனேன். இலையின் மேலே எண்ணெய் சிந்தியது போல மஞ்சள் திட்டு, திருப்பினால் வெள்ளைப் பூசணம். குலைகள் பழுப்பாகி உலர்ந்த சுண்டைக்காய் மாதிரித் தொங்கின. அந்த மனிதர் ஒவ்வொரு குலையாகக் கையில் ஏந்தி ஏந்திப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பேச்சு இல்லை. பக்கத்துத் தோட்டம், வேலிகூட இல்லை, ரசாயனம் அடித்து பச்சைப்பசேல் என்று நின்றது. நானாக இருந்தால் அன்று ராத்திரியே அடித்திருப்பேன்.

அடித்தவர்களும் உண்டு. போர்டோ பக்கத்துப் போயாக்கில் தெசெரோன் குடும்பத்தின் ஷாத்தோ பொந்தே கானே என்ற ஒயின் தோட்டம் பெரிய பெயர், 80 ஹெக்டேர். 2004இல் பயோடைனமிக் தொடங்கினார்கள். 2007இல் இதே நோய்க்குப் பயந்து ரசாயனம் தெளித்தார்கள், சான்றிதழ் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து. 2010இல் சான்றிதழ் வாங்கினார்கள். 2018இல் விளைச்சலில் பெரும்பகுதி போனபோதும் தெளிக்கவில்லை. கொம்பில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இந்தப் பிடிவாதத்தைக் கண்டால் மட்டும் கொஞ்சம் வாயடைத்துப் போகிறேன்.

தண்ணீர்மட்டும்:

நான் குடிப்பதில்லை. அலுவலகத்தில் வூவ்ரே என்ற ஒயின் ஊர்ப் பக்கம் கூட்டிப்போனார்கள். எல்லோரும் ஒயினை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினார்கள். துப்புவதற்கா இவ்வளவு பாடு? என் முழியைப் பார்த்த அந்த வீட்டுப் பாட்டி, அன்று பிழிந்த சாற்றை ஒரு டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தார். அப்படியொரு இனிப்பு, கூடவே ஒரு குளவி இலவசம். இந்த முறைக்கு அடிப்படை 1924இல் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரிய மெய்யியலாளர் ஆற்றிய உரைகள் என்று விளக்கினார்கள். அப்புறம்தான் படித்தேன், ஸ்டைனரும் மதுவைத் தொடாதவராம். எனக்கு ஒரே சந்தோஷம்.

ஈரமண், அந்தக் குட்டிக் கதவிலிருந்து எப்படி வெளியே வந்தீர்கள் என்று சொல்லவே இல்லையே?

ஈரமண்:

அதைக் கேட்காதீர்கள். போனதைவிட வருவதுதான் பாடு. தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. உள்ளே ஈரம், காலுக்குப் பிடிமானம் இல்லை. "மூச்சை முழுக்க வெளியே விடு" என்று கத்தி, சுளுக்கிய தோளோடு மகள் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான் அவர் செய்த உதவி. சட்டைப் பொத்தான் இரண்டு அந்தப் பீப்பாய்க்குள்ளேயே போய்விட்டன. கழுவும்போது ஒன்றுதான் கிடைத்ததாம்.

போன வாரம் அவளிடமிருந்து செய்தி. இந்த வருடம் பீப்பாய் கழுவ ஆள் இல்லையாம். "இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கிறாயா?" என்று கேட்டிருக்கிறாள். நான் இன்னும் பதில் போடவில்லை.